திரையில் தெரியும் பெயர்ப் பலகைகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர் எழுதியது)

திரைப்படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் கதாநாயகனைப் பார்க்கிறோம். அவன் நடந்து போகும் தெருவையும் பார்க்கிறோம். அந்தத் தெருவிலுள்ள மளிகைக் கடையின் பெயர்ப் பலகையை யாரேனும் பார்க்கிறோமா? அவன் கையிலுள்ள கடிதத்தின் அஞ்சல் முத்திரையை, அவன் பின்னால் ஒட்டியிருக்கும் சுவரொட்டியை, தேநீர்க் கடையில் தொங்கும் விலைப்பட்டியலைப் பார்க்கிறோமா? நானும் பார்த்தவன் அல்லன். ஆனால் அவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் யோசித்து, வரைந்து, எழுதி வைத்திருக்கிறார் என்பதையும், அது ஒரு தொழில் என்பதையும் பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அறிந்துகொண்டேன். அதைப் பற்றி இம்மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் தந்தையார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தூரிகை பிடித்தவர். வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதியவர். பிளெக்ஸ் வந்தது, பலகை எழுதும் வேலை போயிற்று. இப்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதிக் குடும்பத்தை நடத்துகிறார்.

அந்தக் கோடையில் ஒரு படக் குழுவினர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். 1973ஆம் ஆண்டுத் தெரு ஒன்றைச் செட்டாகப் போட்டிருந்தார்கள். அதற்குப் பதினோரு பலகைகள் கையால் எழுத வேண்டும். நான் வண்ணம் கலக்கக் கூடப் போனேன். உதவிக் கலை இயக்குநர் ஒருவர் தம் கைப்பேசியில் தட்டச்சு செய்த பெயர்களைக் காட்டினார். முதல் பெயர் ‘அண்ணாமலை ஸ்டோர்ஸ்’. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார்.

“சார், இது எந்த வருஷத்துக் கதை?”

“எழுபத்து மூணுண்ணே.”

“அப்ப இந்த ‘ணா’வும் வராது சார், இந்த ‘லை’யும் வராது. அப்ப இதெல்லாம் வேற மாதிரி.”

அவர் சாக்பீஸ் எடுத்துத் தரையில் எழுதிக் காட்டினார். தும்பிக்கையை மேலே தூக்கிய யானை போன்ற பழைய ‘லை’. கீழே வளைந்து சுழிந்த பழைய ‘ணா’. உதவிக் கலை இயக்குநர் உடனே படம் எடுத்துத் தம் கலை இயக்குநருக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் மறுமொழி வந்தது: “அவர் சொல்கிறபடியே எழுதுங்கள்.” எட்டாம் வகுப்புப் படித்த என் அப்பா அன்றைக்கு ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்தினார். பிறகு படம் வந்தது. அந்தப் பலகை திரையில் இரண்டு வினாடிகூடத் தெரியவில்லை. அம்மா “எங்கே, எங்கே?” என்பதற்குள் போய்விட்டது. ஆனால் எனக்கு அன்று ஒரு கேள்வி பிறந்தது. இதையே ஒருவன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

எது இந்தத் தொழில்?

திரைப்படத்தின் காட்சிக்களத்தை அமைப்பவர் கலை இயக்குநர். அவர் கீழ்த் தச்சர், வண்ணம் பூசுவோர், சிற்பம் செய்வோர், பொருள் சேகரிப்போர் எனப் பலர் பணிபுரிகின்றனர். இவர்களோடு சேர்ந்து, களத்தில் எழுத்தாகவும் அச்சாகவும் வரும் அனைத்தையும் வடிவமைப்பவரே படக்கள வரைகலைஞர் ஆவார். கடைப் பலகை, செய்தித்தாள், ரேஷன் அட்டை, பேருந்துச் சீட்டு, தீப்பெட்டி ஒட்டுச்சீட்டு, திருமண அழைப்பிதழ், தேர்தல் சுவரெழுத்து, மருந்துச் சீட்டு, காதல் கடிதம் ஆகிய யாவும் அவர் பொறுப்பு.

திரையரங்கில் ஒட்டும் சுவரொட்டியை வடிவமைப்பவர் வேறு, இவர் வேறு. சுவரொட்டிக் கலைஞரின் வேலை படத்தைப் பற்றி வெளியுலகத்துக்குச் சொல்வது. இவருடைய வேலையோ படத்துக்குள் இருக்கும் மனிதர்களுக்காகச் செய்வது. படத்துக்குள் வரும் மளிகைக் கடைக்காரர் தம் கடைக்கு எப்படிப்பட்ட பலகை எழுதச் சொல்லியிருப்பார் என்று அவர் மனத்துக்குள் புகுந்து இவர் சிந்திக்க வேண்டும். ஆகவே அழகாக எழுதுவது மட்டும் போதாது. ஏழைக் கடைக்காரனின் பலகை சற்றுக் கோணலாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து இடம் போதாமல் கடைசியில் நெருங்கித்தான் நிற்க வேண்டும்.

மேலை நாடுகளில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ என்னும் ஆங்கிலப் படம் இல்லாத ஒரு நாட்டில் நடக்கும் கதை. அந்த நாட்டுக்குச் செய்தித்தாள், அஞ்சல்தலை, கடவுச்சீட்டு, பணத்தாள் எல்லாவற்றையும் உருவாக்கிய வரைகலைஞர் ஆனி அட்கின்ஸ் என்ற பெண்மணி. அப்படத்தில் அடிக்கடி வரும் இளஞ்சிவப்பு நிற இனிப்புப் பெட்டியில் அடுமனையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அச்சாகியிருந்தது. அதில் ஒரு ‘டி’ எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. பல காட்சிகள் எடுத்த பிறகே பிழை தெரிந்தது. படம் முடிந்தபின் கணினி கொண்டு திருத்த வேண்டியதாயிற்று. அப்படத்தின் களவடிவமைப்புக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. விருது பெற்ற படத்திலும் ஓர் எழுத்துப் பிழை அவ்வளவு பாடுபடுத்தியது என்றால், எழுத்தின் வலிமையை என்னென்பது! ஹாரி பாட்டர் படங்களில் வரும் மந்திர வரைபடத்தையும் செய்தித்தாள்களையும் வடிவமைத்த மிராபோரா மினா, எடுவார்டோ லிமா ஆகிய இருவரும் அந்த வேலையாலேயே உலகப் புகழ் பெற்றனர்.

நம் நாட்டில் இப்பணி பெரும்பாலும் கலை இயக்குநரின் உதவியாளர்களும், என் தந்தையாரைப் போல் அவ்வப்போது அழைக்கப்படும் கைத்தொழிலாளர்களும் பகிர்ந்து செய்வதாகவே இருக்கிறது. தனிப் பெயர் இல்லாததால் இப்படி ஒரு தொழில் உண்டென்பதே மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

ஓர் எழுத்து சொல்லும் ஆண்டு

அப்பா சொன்ன அந்த ‘லை’யின் கதையைப் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாக 13 எழுத்துகள் மாறின. ஆனால் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978ஆம் ஆண்டில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதுதான். ஆகையால் 1973ஆம் ஆண்டுக் கடைத்தெருவில் பழைய எழுத்துதான் இருக்க வேண்டும். அதே தெருவில் ஒருவர் ‘விடுதலை’ நாளிதழ் படிப்பதாகக் காட்டினால் அதில் மட்டும் புதிய எழுத்து இருக்க வேண்டும்! 1979ஆம் ஆண்டுத் தெரு என்றாலோ இரண்டும் கலந்திருக்க வேண்டும். ஏனெனில் ஆணை வந்த மறுநாளே எந்தக் கடைக்காரரும் தம் பழைய பலகையைக் கழற்றிவிடவில்லை.

இன்றைய கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவை சீர்திருத்திய வடிவத்தையே காட்டும். பழைய வடிவம் வேண்டுமானால் கையால் எழுதத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். அவர்களோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

எழுத்து மட்டுமன்று, எண்ணும் சான்று சொல்லும். சிலவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 1965ஆம் ஆண்டுக் காதலன் எழுதிய கடித உறையில் ஆறிலக்க எண் இருந்தால் அவன் காதலே பொய்யாகிவிடும்!

ரூபாய்க்கு நூறு பைசா என்னும் கணக்கு 1957 ஏப்ரல் 1 முதல் வந்தது. அதற்கு முன்பு அணா. 1964 வரை ‘நயா பைசா’ என்றே பெயர். ‘₹’ என்ற குறி 2010ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னைய விலைப்பட்டியலில் ‘ரூ.’ என்றே எழுத வேண்டும்.

‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அரசு அலுவலகப் பலகையில் சென்னை மாநிலம் என்றுதான் இருக்கும். ‘மெட்ராஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் ‘சென்னை’ என மாறியது 1996இல்.

சென்னை நகரப் பேருந்துகளை நடத்திய பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தோன்றியது. 1975ஆம் ஆண்டுத் தெருவில் ஓடும் பேருந்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் அக்காலத்தில் அதில் தொங்கிக்கொண்டு போன பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

நம் வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். தோழர் ப. ஜீவானந்தம் அவர்களின் நினைவைத் தாங்கிய பெயர் அது. அவர் மறைந்தது 1963இல். ஆக, 1950ஆம் ஆண்டுக் கதையில் மஞ்சள் பலகையில் அப்பெயரை எழுத முடியாது. நாம் தினமும் ‘எம்.கே.பி. நகர்’ என்று பேருந்துப் பலகையில் படிக்கிறோமே, அது மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றின் பலகையை எழுதப் புறப்படுகிறவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் தூரிகையைத் தொட வேண்டும்.

வேலை நடக்கும் முறை

முதலில் திரைக்கதையைப் படிக்க வேண்டும். கதைக்காக அன்று, கணக்குக்காக! ‘அவன் தந்தியைப் பிரித்துப் படித்துக் கிழித்தெறிகிறான்’ என்று ஒரு வரி வந்தால் நாம் அவன் துயரத்தை நினைக்கிறோம். வரைகலைஞரோ தந்தித் தாள் ஒன்று, உறை ஒன்று என்று குறித்துக்கொள்கிறார். கிழிப்பதால் ஒன்று போதாது. ஒவ்வொரு டேக்கிற்கும் புதிய தந்தி வேண்டும். அத்தனையும் ஒரே மாதிரி, ஒரே மடிப்போடு, ஒரே கறையோடு இருக்க வேண்டும். இப்படி முழுக் கதையையும் வரி வரியாகப் பிரித்துப் பட்டியல் போடுவதே முதல் வேலை.

அடுத்தது ஆராய்ச்சி. அந்தக் காலத்துப் பழைய கடிதங்கள், ரசீதுகள், புகைப்படங்கள், நாளிதழ்கள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் நம் நகரத்திலேயே இருக்கும் புதையல்கள். பிறகு எது கேமராவுக்கு அருகில் வரும், எது தூரத்தில் நிற்கும் என்று பிரிக்க வேண்டும். அருகில் வரும் செய்தித்தாளில் தலைப்பு மட்டுமன்றிச் சிறிய செய்திகளும் பொருத்தமாக இருக்க வேண்டும். நடிகர் அதைக் கையில் வைத்துப் படிக்கும்போது வெற்று எழுத்துகள் இருந்தால் அவர் முகத்திலும் அந்த வெறுமை வந்துவிடும் அன்றோ?

பின்னரே வரைவதும் அச்சிடுவதும். இன்று கணினியில் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். காசில்லாத நம் போன்றோர்க்கு இங்க்ஸ்கேப், கிம்ப் எனும் இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் கணினியில் செய்ததைக் கையால் செய்தது போல் காட்டுவது கடினம். கையால் எழுதிய இரண்டு ‘அ’ ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. கணினியின் இரண்டு ‘அ’ எப்போதும் ஒன்றே. பார்ப்பவர்க்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ரூபாய் நோட்டை ஒத்த தாளை அச்சிடுவது விளையாட்டுக்கானாலும் குற்றம். அரசு முத்திரையையும் தேசியச் சின்னத்தையும் நினைத்தபடி பயன்படுத்தக் கூடாது. உண்மையான நிறுவனத்தின் பெயரையோ யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணையோ போட்டுவிட்டால் வம்பு வரும். ஆதலால் கடைப் பெயர்களைக் கற்பனையாக, ஆனால் நம்பும்படியாகப் படைக்க வேண்டும். இதுவும் ஒரு கலையே.

வேதியியல் படித்தவனுக்கு இங்கென்ன வேலை?

இந்தக் கேள்வியை என் நண்பர்கள் கேலியாகக் கேட்டார்கள். என் விடை இதுதான்: புதிய பொருளைப் பழையதாக்குவது முழுக்க முழுக்க வேதியியல்.

செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது? மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஒளியோடும் வினைபுரிந்து நிறம் மாறுவதால். எனவே ஒளியும் காற்றும் படும் ஓரங்கள் முதலில் பழுக்கும். மடித்து வைத்த உட்பகுதி வெளுப்பாகவே இருக்கும். தாள் முழுவதையும் ஒரே சீராகப் பழுப்பாக்கினால் அது பழைய தாள் ஆகாது. தேநீரில் விழுந்த தாள்தான் ஆகும்! தாளைப் பழையதாக்க உலகெங்கும் தேநீர் டிகாஷனைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேயிலையிலுள்ள டானின்கள் தாளின் இழைகளில் ஏறி நிறம் கொடுக்கின்றன. ஆனால் எங்கே எவ்வளவு தோய்ப்பது என்பதை அறிவுதான் சொல்ல வேண்டும்.

துருவும் அப்படியே. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கடற்காற்று படும் இரும்புப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைப்பதால் துரு விரைவில் பிடிக்கிறது. அது ஆணியடித்த துளையிலும், மடித்த ஓரத்திலும், வண்ணம் உரிந்த கீறலிலும் தொடங்கி, மழைநீரோடு கீழ்நோக்கி வழிந்து கோடாகிறது. பலகையின் நடுவில் வட்டமாகத் துரு வரைந்தால் அது பொய். எனாமல் வண்ணம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் இருந்தால், வண்ணத்தைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப் பசை சிதைந்து, விரலால் தடவினால் பொடி ஒட்டும். மேற்கு வெயில் படும் பலகை ஒருவிதமாக வெளுக்கும். கூரை நிழலில் இருக்கும் பலகை வேறுவிதமாக இருக்கும். சிவப்புச் சாயங்களில் பல முதலில் வெளுத்துப்போகும்; கறுப்பு நிலைத்து நிற்கும். பழைய பலகைகளில் முதலாளி பெயர் மட்டும் தெரிந்து, ‘புரொப்ரைட்டர்’ என்ற சொல் மங்கிக் கிடப்பதற்கு அந்தச் சொல்லைச் சிவப்பில் எழுதியதும் ஒரு காரணமாகலாம்.

ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் ஆக்சிஜனேற்றம் பலகையின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. இயற்பியல் மாணவருக்கு ஒளியும் நிறமும், தாவரவியல் மாணவருக்கு நாரும் சாயமும், வரலாற்று மாணவருக்கு ஆண்டும் சான்றும், தமிழ் இலக்கிய மாணவருக்குச் சொல்லும் நடையும் இத்தொழிலில் பயன்படும். ஓவியம் தெரிந்தவர்க்கு மட்டுமே இது உரியது என்று எண்ணுவது தவறு.

நம் தெருக்களும் நம் படங்களும்

தமிழ்த் திரையுலகம் களம் அமைப்பதில் யாருக்கும் இளைத்ததன்று. 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாயகன்’ படத்துக்காகப் பம்பாய்த் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார் தோட்டா தரணி. தேசிய விருதும் பெற்றார். 2010ஆம் ஆண்டு வந்த ‘மதராசபட்டினம்’ படத்தில் சுதந்திரத்துக்கு முந்தைய சென்னை டிராம் வண்டியோடு திரும்பி வந்தது. டிராம் நின்றுபோனது 1953இல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே.

நம் வடசென்னைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வியாசர்பாடிக் கதை. அதில் கதாநாயகன் யார் என்று கேட்டால் நான் சுவர் என்பேன்! ஒரு சுவரும் அதில் வரைந்த ஓர் அரசியல் தலைவரின் உருவமுமே கதையின் மையம். அந்தச் சுவர் யாருடையது என்பதற்காகவே உயிர்கள் போகின்றன. ஒரு வரைகலை வேலையே கதையின் உயிராக இருப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? 2021ஆம் ஆண்டு வந்த ‘சார்பட்டா பரம்பரை’ நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னைக் குத்துச்சண்டையைக் காட்டியது. த. இராமலிங்கம் கலை இயக்கம். கட்சிக் கொடிகளும் சுவர்களும் இல்லாமல் அந்த ஆண்டுகளைச் சொல்லவே முடியாது.

பெரம்பூரில் 1996இல் மூடப்பட்ட பி அண்ட் சி ஆலையின் வளாகம் பின்னர் பல ஆண்டுகள் படப்பிடிப்புக் களமாக இருந்ததை நம் பகுதிப் பெரியவர்கள் அறிவார்கள். தொழிலாளர் நெய்த இடத்தில் தெருக்களையே நெய்தார்கள்!

இங்கே என் மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல படங்களில் நம் பகுதியென்று காட்டும் தெருவில் அழுக்கும் அரிவாளும்தான் இருக்கின்றன. வியாசர்பாடியில் கால்பந்துக் கழகங்களின் பலகைகள் இல்லையா? இரவுப் பாடசாலை, படிப்பகம், கேரம் மன்றம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் பலகைகள் இல்லையா? அவற்றையெல்லாம் ஒரு செட்டில் எழுதி மாட்டுவதற்கு அதிகச் செலவில்லை. அவை இருக்கின்றன என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். தெரிந்தவர் இல்லாததால் அவை திரையில் இல்லை. ஒரு தெருவைத் திரையில் எழுதுகிறவன் அத்தெரு மக்களைப் பற்றியே எழுதுகிறான். நாம் அங்கே போக வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

எங்கே கற்பது?

பிளஸ் டூ முடித்த உடனே இத்துறைக்கு வர விரும்புவோர்க்குச் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி நேர்வழி. 1850ஆம் ஆண்டு டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனம் அது. தோட்டா தரணி, பி. கிருஷ்ணமூர்த்தி, சாபு சிரில் ஆகிய தேசிய விருது பெற்ற கலை இயக்குநர்கள் அங்கே பயின்றவர்களே. நம் தம்பி தங்கைகளில் படம் வரையும் கை இருந்தால், “வரைந்தது போதும், படி” என்று அடக்காமல் அக்கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள்.

நம்மைப் போல் அறிவியல் பட்டம் பெறுவோர் என்ன செய்வது? புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கெனத் தனிப் படிப்பு உண்டு. அதற்குப் பெரும்பாலும் கலை அல்லது கட்டடக்கலை சார்ந்த பட்டம் கேட்கிறார்கள். ஆனால் நமக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. ஒவ்வோர் ஆண்டும் நடத்தும் ‘சீட்’ என்னும் வடிவமைப்பு நுழைவுத் தேர்வை எந்தப் பாடத்தில் மூன்றாண்டுப் பட்டம் பெற்றவரும், இறுதியாண்டில் இருப்பவரும் எழுதலாம். அதில் தேறி வடிவமைப்பு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் தனி விதிகளையும் அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்வது நல்லது. வரையும் திறத்தோடு உற்றுநோக்கும் திறத்தையும் அத்தேர்வு சோதிக்கிறது.

மூன்றாவது வழி, பழைய வழி: ஒரு கலை இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்பது. இதற்குப் பட்டத்தைவிடக் கையிலுள்ள படைப்புகளே சிபாரிசு. பழைய காலத்துப் பேருந்துச் சீட்டு, ரேஷன் அட்டை, கடைப் பலகை என்று பத்துப் பொருள்களைத் தானே ஆராய்ந்து செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். திரையுலகில் தொடர்ந்து பணிபுரியத் தொழிற்சங்க உறுப்பினர் அட்டையும் தேவைப்படும் என்பதை மறக்கலாகாது.

இருளும் உண்டு

இனிப்பானதை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது நண்பனுக்கு அழகன்று. இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. படம் இருந்தால் வேலை. படம் நின்றால் வீடு. இரவு பகல் பாராமல் உழைத்த செட்டை ஒரே நாளில் உடைப்பார்கள். பெயர் திரையில் வருமா என்பதும் உறுதியில்லை. வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு என்று நம் பெற்றோர் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. முதல் பட்டதாரியின் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் ஒரு தங்கையின் படிப்பும், ஒரு கடனும் காத்திருக்கின்றன. எங்கள் வீட்டிலும் காத்திருக்கின்றன.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தப் போவதில்லை. மூன்றாம் ஆண்டில் அந்த வடிவமைப்பு நுழைவுத் தேர்வையும் எழுதுவேன். அதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் எழுத்துப் பழகுகிறேன். நூல் போட்டுக் கோடு அடிப்பது, முதலில் எழுத்துகளை எண்ணி இடம் பிரிப்பது, தூரிகையை முழங்கையிலிருந்து இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார். இதையெல்லாம் கேட்க இத்தனை ஆண்டுகளாக யாரும் அவரிடம் வரவில்லை. “இது எதுக்குடா உனக்கு? படிச்ச புள்ள” என்று முதல் நாள் சொன்னார். இப்போது நான் வருவதற்குள் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறார்.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே! இத்தொழிலுக்கு வராவிட்டாலும் நாம் அனைவரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ராயபுரத்தில், தண்டையார்பேட்டையில், கொருக்குப்பேட்டையில், எண்ணூரில் உங்கள் தெருவில் கையால் எழுதிய பழைய பலகை ஏதேனும் மிஞ்சியிருக்கும். அடுத்த பொங்கலுக்குள் அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் அதைப் படம் எடுங்கள். எழுதியவர் பெயர் மூலையில் சிறியதாக இருக்கும்; அதையும் சேர்த்து எடுங்கள். எந்த ஆண்டில் எழுதியது என்று கடைக்காரரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலுள்ள பழைய ரேஷன் அட்டை, ஆலையின் சம்பளச் சீட்டு, திருமணப் பத்திரிகை ஆகியவற்றையும் படம் எடுத்துத் தாருங்கள். பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால் நம் கல்லூரி நூலகத்தில் அவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்து வைக்கலாம். ஒருநாள் யாரோ ஒரு கலை இயக்குநர் நம் பகுதியைப் பற்றிப் படம் எடுக்கும்போது அந்தக் கோப்பைத் தேடி நம் கல்லூரிக்கு வரட்டும்.

அந்தத் திரையில் நம் தெருவின் பெயர்ப் பலகை இரண்டு வினாடிதான் தெரியும். அந்த இரண்டு வினாடியும் உண்மையாக இருக்கட்டும்.